குடை, செருப்பு, பந்தி: கன்னியாகுமரிக் கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இந்த எபிசோடுக்கு விதை போட்டது ஒரு கூகுள் டாக். நம்ம ஊர்க் கடற்கரை ஓரமா, ஒரு தென்னந்தோப்புல, 80 பேரை மட்டும் கூப்பிட்டு ஒரு கல்யாணம். பாதிப்பேர் பெங்களூர், சென்னை, துபாய்ல இருந்து வர்றாங்க. "வர்றவங்களுக்கு என்னென்ன சொல்லணும்னு நீயே எழுதிக் கொடு, நீ தானே வரலாறு பேசுற ஆளு"ன்னு பொறுப்பு என் தலையில வந்துச்சு. ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ரீட்மீ ஃபைல் எழுதுற மாதிரி பட்டியல் போட்டேன். சரியான நேரத்துக்கு வாங்க. குடை கொண்டு வாங்க. மணல்ல நடக்கத் தோதான செருப்பு போடுங்க. பிடிச்ச உடை உடுத்துங்க. லொக்கேஷன் இது. சாப்பாடு எல்லாருக்கும் ஒரே பந்தி. அடையாள அட்டை எடுத்துட்டு வாங்க.

ஏழே வரி. ஆனா இந்த ஏழுல பாதிக்கு மேல, 200 வருஷத்துக்கு முன்னாடி இதே மண்ணுல பெரும்பாலான ஜனங்களுக்கு அனுமதி இல்லாத விஷயம். இன்னைக்கு அந்தப் பட்டியலை ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கலாம். கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு உபயோகமான தகவலும் இருக்கும், அதுக்குப் பின்னாடி இருக்கிற கதையும் இருக்கும்.

1. சரியான நேரத்துக்கு வாங்க

வெளியூர் போய் நடக்குற கல்யாணத்தை இப்போ டெஸ்டினேஷன் வெட்டிங்னு சொல்றோம். அந்த வகையில நம்ம மாவட்டத்தோட முதல் கதையே நேரம் தவறின கதைதான். சுசீந்திரத்து ஈசனுக்கும் குமரி அம்மனுக்கும் கல்யாணம் நிச்சயம். முகூர்த்தம் விடியறதுக்கு முன்னாடி. மாப்பிள்ளை ராத்திரியே கிளம்பிட்டார். சுசீந்திரத்துல இருந்து கன்னியாகுமரி சுமார் 12 கிலோமீட்டர் தான். வழுக்கம்பாறை வரும்போது சேவல் கூவுது. விடிஞ்சிருச்சு, முகூர்த்தம் போச்சுன்னு நினைச்சுத் திரும்பிட்டார். கூவினது சேவல் இல்ல, நாரதர். பாணாசுரனைக் கொல்லணும்னா அம்மன் கன்னியாவே இருக்கணும், அதுக்காகத்தான் இந்த வேலைன்னு கதை முடியும். சமைச்சு வச்ச கல்யாணச் சோறும் பருப்பும் அப்படியே மணலாப் போச்சாம். குமரிக் கரையில அரிசி மாதிரியும் குருணை மாதிரியும் கலர் கலரா மணல் விக்கிறாங்களே, அதுக்கு ஊர் சொல்ற காரணம் இது.

மணலுக்கு அறிவியல் வேற விளக்கம் வச்சிருக்கு. சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட், கூடவே மோனசைட், சிர்க்கான். 1909-ல ஷோம்பெர்க்ங்கிற ஜெர்மன்காரர் மணவாளக்குறிச்சி மணல்ல மோனசைட்டைக் கண்டுபிடிச்சார். கேஸ் விளக்கு மேண்டிலுக்குத் தேவையான தோரியம் அதுல இருந்ததால உலகமே திரும்பிப் பாத்துச்சு. மத்திய அரசு நிறுவனம் ஒண்ணு இன்னைக்கும் அங்க மணலைப் பிரிச்சு எடுக்குது.

வர்றவங்களுக்கான தகவல்: கடற்கரைக் கல்யாணம்னா பெரும்பாலும் சாயங்காலம் தான். நவம்பர்ல சூரியன் 6 மணியை ஒட்டி மறைஞ்சிரும், ஜூலைல 6:40 தாண்டும். "ஏழு மணிக்கு வந்தா சரியா இருக்கும்"ங்கிற சென்னைக் கணக்கு இங்க வேலைக்காகாது. இதுல ஒரு சட்டச் சமாச்சாரமும் இருக்கு. நம்ம மாவட்டத்துல 2011 கணக்குப்படி கிட்டத்தட்ட பாதிப்பேர் கிறிஸ்தவங்க. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், சில விதிவிலக்கு தவிர, கல்யாணம் காலை 6 மணிக்கும் சாயங்காலம் 7 மணிக்கும் இடையில நடக்கணும்னு சொல்லுது. சேவல் கூவினதும் மாப்பிள்ளை திரும்பினது புராணம். ஏழு மணி தாண்டினா சிக்கல்ங்கிறது சட்டம்.

2. குடை கொண்டு வாங்க, செருப்பு போடுங்க

முதல்ல வானிலை. தமிழ்நாட்டுல பல மாவட்டங்களுக்கு முக்கியமா ஒரு மழைக்காலம்னா நமக்கு ரெண்டு. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. ஆரல்வாய்மொழிக் கணவாய்ல அடிக்கிற காத்தைப் பாத்துதான் முப்பந்தல்ல அத்தனை காற்றாலை நட்டாங்க. அந்தக் காத்து பந்தலையும் தூக்கும், குடையையும் மடக்கும். மார்கழி முடிஞ்சு தை, மாசி தான் வெளியில பந்தல் போட நிம்மதியான காலம்.

சரி, குடைக்கும் வரலாறுக்கும் என்ன சம்பந்தம்? 19-ஆம் நூற்றாண்டு முதல் பாதி வரை தென் திருவிதாங்கூர்ல யார் குடை பிடிக்கலாம்னு சாதி தான் முடிவு பண்ணுச்சு. லண்டன் மிஷன்ல வேலை பாத்த சாமுவேல் மட்டீர் 1871-ல வெளியிட்ட 'தி லேண்ட் ஆஃப் சாரிட்டி' புத்தகத்துல பட்டியலே போட்டிருக்கார். இன்னைக்கு நாடார்னு அறியப்படுற சமூகத்தார் குடை பிடிக்கக்கூடாது. செருப்பு போடக்கூடாது. தங்க நகை அணியக்கூடாது. மாடி வச்சு வீடு கட்டக்கூடாது. பசுவைக் கறக்கக்கூடாது. பெண்கள் தண்ணிக் குடத்தை இடுப்புல வைக்கக்கூடாது, தலையில தான் சுமக்கணும். பறையர், புலையர் மாதிரி சமூகங்களோட நிலைமை இதைவிட மோசம். அவங்க அடிமைகளா விக்கவும் வாங்கவும் பட்டாங்க. 1855-ல தான் திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழிச்சு அறிக்கை வெளியிட்டுச்சு.

இந்தப் பட்டியலைக் கல்யாண வீட்டோட சேத்து யோசிச்சுப் பாருங்க. குடை, செருப்பு, தங்கம். ஒரு கல்யாணத்துல மனுஷன் தன்னை நல்லபடியாக் காட்டிக்கிற பொருள் அத்தனையும் தடைப் பட்டியல்ல இருக்கு. வெயிலும் மழையும் எல்லாருக்கும் ஒண்ணு தான். ஆனா அதுல இருந்து ஒதுங்குற உரிமை எல்லாருக்கும் இல்ல.

3. பிடிச்ச உடை உடுத்துங்க

அழைப்பிதழ்ல 'டிரெஸ் கோட்'னு போட்டா இப்போ பேஸ்டல் கலர்னு அர்த்தம். அன்னைக்கு இங்க அது சட்டம். மேல்சாதிக்காரங்க முன்னாடி மத்த பெண்கள் மார்பை மறைக்கக்கூடாதுங்கிறது வழக்கம். 1806-ல ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த பிறகு, மிஷன் பள்ளிகளும் சபைகளும் பெருகுது. 1810-கள்ல ரெசிடெண்டாவும் திவானாவும் இருந்த கர்னல் ஜான் மன்றோ, கிறிஸ்தவம் தழுவின பெண்கள் குப்பாயம்ங்கிற சட்டை போட்டுக்கலாம்னு உத்தரவு கொடுத்தார். பெண்கள் அதோட நிக்கல. மேல்சாதிப் பெண்கள் மாதிரி தோள்ல மேலாடையும் போட ஆரம்பிச்சாங்க. 1820-கள்ல கல்குளம் பகுதியில அடிதடி, வழக்கு. 1829 பிப்ரவரியில அரசு ஒரு அறிக்கை விட்டு, மேலாடை கூடாது, குப்பாயம் மட்டும்னு சொல்லுச்சு.

மூணாவது கட்டம் 1858 கடைசியில. நாகர்கோவிலைச் சுத்தி சந்தைகள்ல பெண்களோட துணி கிழிக்கப்பட்டுச்சு, வீடுகளும் ஜெபக்கூடங்களும் எரிஞ்சுது. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவிலியன் வரைக்கும் புகார் போய், 1859 ஜூலை 26-ல உத்தரம் திருநாள் மகாராஜா அறிக்கை வந்துச்சு. சட்டை போடலாம், முக்குவப் பெண்கள் மாதிரி முரட்டுத் துணியும் கட்டலாம். ஆனா மேல்சாதிப் பெண்கள் கட்டுற பாணியில கூடாது. அதாவது, உடம்பை மறைக்கலாம், ஆனா அவங்களை மாதிரி தெரியக்கூடாது. அந்த அறிக்கையோட கவலை என்னன்னு இந்த ஒரு நிபந்தனையிலேயே தெரிஞ்சிரும்.

ஆண்களுக்கு இதே மாதிரி ஒரு கதை தலைப்பாகையில இருக்கு. சாமித்தோப்புல ஐயா வைகுண்டர் (1809–1851) தன்கிட்ட வந்தவங்களை, தலைப்பாகை கட்டிக்கிட்டு வழிபடச் சொன்னார். தோள் துண்டை எடுத்து இடுப்புல கட்டிக் குனிஞ்சு நிக்கணும்னு எதிர்பாத்த ஒரு சமூகத்துல, தலையில துணி கட்டுறது பெரிய விஷயம். அரசு அவரைத் திருவனந்தபுரம் கொண்டுபோய் சிறை வச்சுது. இன்னைக்கும் ஐயாவழிப் பதிகள்ல ஆண்கள் தலைப்பாகையோட தான் கும்பிடுறாங்க. அது வெறும் சம்பிரதாயம்னு நினைச்சுக் கடந்து போயிராதீங்க.

இன்னொரு சின்னக் கதை. நாகர்கோவில்ல மார்த்தா மால்ட் அம்மையார் பள்ளிக்கூடப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கத்துக் கொடுத்தாங்க. அந்தக் கூலி பல பெண்களுக்குக் கையில வந்த முதல் சொந்தக் காசு. கல்யாணத்துல கிறிஸ்தவ மணப்பெண்ணோட முக்காட்டு ஓரத்துல லேஸ் பாத்தீங்கன்னா, இதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

வர்றவங்களுக்கான தகவல்: பருத்தி நல்லது, புழுக்கம் அதிகம். பட்டு கட்டினா உப்புக் காத்துல இருந்து வந்த உடனே நிழல்ல உலர்த்துங்க. மறுநாள் சுசீந்திரமோ குமரி அம்மன் கோவிலோ போற திட்டம் இருந்தா, ஆண்கள் சட்டையைக் கழட்டிட்டுத் தான் உள்ள போகணும். வேட்டியும் துண்டும் எடுத்துட்டு வந்தா சுலபம்.

4. லொக்கேஷன் இது

இப்போ லொக்கேஷன்னா ஒரு நீல நிறக் கோடு. திருவனந்தபுரம் விமான நிலையத்துல இருந்து நாகர்கோவிலுக்கு ரோட்டுல சுமார் ரெண்டு மணி நேரம், கல்யாண சீசன்ல களியக்காவிளை, மார்த்தாண்டம் நெரிசல் சேந்தா அதுக்கும் மேல. ரயில்னா நாகர்கோவில் ஜங்ஷன்ல இறங்குங்க. இந்த ரயிலே ரொம்பப் பழசு இல்ல. திருவனந்தபுரத்துல இருந்து கன்னியாகுமரிக்குப் பாதை 1979-ல தான் வந்துச்சு, திருநெல்வேலி இணைப்பு 1981-ல. அதுக்கு முன்னாடி கல்யாணத்துக்கு வந்தவங்க எல்லாம் பஸ்ஸு தான்.

ஆனா ரோடு இருந்தாலும் நடக்க முடியாத காலம் ஒண்ணு இருந்துச்சு. சுசீந்திரம் கோவிலைச் சுத்தி இருக்கிற தெருக்கள்ல, அரசுப் பணத்துல போட்ட தெருக்கள்ல, தீண்டத்தகாதவர்னு ஒதுக்கப்பட்டவங்க நடக்கக்கூடாது. வைக்கம் போராட்டம் முடிஞ்ச கையோட, 1926-ல டாக்டர் எம்.இ.நாயுடு தலைமையில சுசீந்திரம் சத்தியாகிரகம் ஆரம்பிச்சது. 1930-ல மறுபடியும் நடந்துச்சு. 1936 நவம்பர் 12-ல சித்திரைத் திருநாள் மகாராஜாவோட கோவில் நுழைவு அறிக்கை வந்த பிறகு தான் தெருவும் திறந்துச்சு, கோவிலும் திறந்துச்சு. ஆக, "சுசீந்திரம் கோவில்ல வச்சுக் கல்யாணம்"ங்கிற ஒரு வரி, நம்ம ஊர்ல பெரும்பாலான குடும்பங்களுக்கு 1936-க்கு அப்புறம் தான் சாத்தியமான வரி.

இன்னொரு பக்கமும் இருக்கு. நாம போற கடற்கரை சும்மா கிடக்குற இடம் இல்ல. 1544-ல பிரான்சிஸ் சேவியர் நடந்த காலத்துலயே இந்தக் கரை பூரா மீனவர் ஊர்கள். வள்ளம் ஏத்தி வைக்கிறதும், வலை காயப் போடுறதும், மீன் ஏலம் விடுறதும் அந்த மணல்ல தான். 2004 டிசம்பர் 26 சுனாமி இங்க எத்தனையோ வீட்டைக் காலி பண்ணுச்சு. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல்ல கடலுக்குப் போன பலர் திரும்பவே இல்ல. அதனால டிரோன் விடுறதுக்கு முன்னாடி, பாட்டைச் சத்தமா வைக்கிறதுக்கு முன்னாடி, ஊர்க்காரங்ககிட்டயும் கோவில் நிர்வாகத்துக்கிட்டயும் கேளுங்க. ஊர்ல துக்கம் நடந்திருந்தா சத்தத்தைக் குறைக்கணும். வலை மேல மிதிக்காதீங்க. அலை சின்னதாத் தெரிஞ்சாலும் இறங்கிக் குளிக்காதீங்க, இந்தக் கடல் இழுக்கும். சாப்பிட்ட குப்பையை மணல்ல விட்டுட்டுப் போறது, இன்னொருத்தர் வீட்டு முத்தத்துல குப்பை கொட்டுறதுக்குச் சமம்.

5. எல்லாருக்கும் ஒரே பந்தி

நாஞ்சில் நாட்டுச் சாப்பாட்டைப் பத்தி வெளியூர்க்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை: பாயசம் வந்த உடனே எந்திரிச்சிராதீங்க. நம்ம ஊர்ல பாயசம் கடைசி இல்ல. பருப்பும் நெய்யும், அப்புறம் சாம்பார், அவியல், எரிசேரி, தொவரன், இஞ்சிப் பச்சடி எல்லாம் ஓடி, நடுவுல அடைப் பிரதமனோ பருப்புப் பாயசமோ இலையிலயே ஊத்துவாங்க. பப்படத்தை நொறுக்கி, மட்டிப் பழத்தைப் பிசைஞ்சு, கையால வழிச்சுச் சாப்பிடணும். அந்த மட்டிப் பழத்துக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. அதுக்கு அப்புறம் தான் ரசம், மோர். இலையோட நுனி உங்க இடது கைப் பக்கம் இருக்கணும். 80 பேர் கல்யாணத்துல வரேன்னு சொல்லிட்டு வராம இருந்தா ஒரு இலை வீண். சொல்லாம நாலு பேரைக் கூட்டிட்டு வந்தா நாலு பேருக்குப் பாயசம் பத்தாது.

'ஒரே பந்தி'ங்கிற வார்த்தை தான் இங்க முக்கியம். ஒரே நேரத்துல, ஒரே வரிசையில, யார் பக்கத்துல யார்னு பாக்காம உக்காந்து சாப்பிடுறதுங்கிறது சமைக்கிறதை விடக் கஷ்டமா இருந்த காலம் உண்டு. வைகுண்டர் 1830-கள்லயே தன் ஆட்களைப் பொதுக் கிணத்துல தண்ணி எடுத்துக் குளிக்க வச்சு, சேந்து சாப்பிட வச்சார். இன்னைக்கு சாமித்தோப்புல இருக்கிற முத்திரிக் கிணறு அதோட அடையாளம். சகோதரன் ஐயப்பன் கேரளத்துச் செறாயில மிசிரபோஜனம் நடத்தினது 1917. நமக்குப் பக்கத்துல சேரன்மாதேவி குருகுலத்துல பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வச்சது பெரிய சண்டையா வெடிச்சது 1925-ஐ ஒட்டி. ஒரு தேசியப் பள்ளிக்கூடமே பந்தியில உடைஞ்சுது. கல்யாண வீடு எம்மாத்திரம்?

6. அடையாள அட்டை எடுத்துட்டு வாங்க

இது தான் பலருக்குப் புரியல. "கல்யாணத்துக்கு ஆதார் எதுக்குல?"ன்னு ஒருத்தர் கேட்டார். சாட்சிக் கையெழுத்துக்கு.

ஐயரும் அக்கினியும் இல்லாம, நண்பர்கள் முன்னாடி மாலை மாத்திக்கிற கல்யாணம் இந்தக் காலத்து இன்ஸ்டாகிராம் ஐடியா இல்ல. 1928-ல அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்துல நடந்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம்னு சொல்றாங்க. ஆனா 1953-ல சென்னை உயர்நீதிமன்றம் அப்படி ஒரு திருமணம் சட்டப்படி செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. யோசிச்சுப் பாருங்க, 25 வருஷமாக் குடும்பம் நடத்தினவங்களோட பிள்ளைங்க சொத்துரிமை என்ன ஆகும்? அண்ணா ஆட்சியில 1967-ல இந்து திருமணச் சட்டத்துல 7-ஏ பிரிவு சேத்தாங்க. ஏற்கெனவே நடந்த திருமணங்களுக்கும் சேத்து அது செல்லுபடி கொடுத்துச்சு. மாலையோ மோதிரமோ தாலியோ போதும். தங்களுக்குப் புரியற மொழியில ஏத்துக்கிட்டதாச் சொன்னா போதும். புரோகிதர் கட்டாயம் இல்ல. ஆனா அந்தப் பிரிவுல கட்டாயமா வர்றவங்க யார் தெரியுமா? உறவினர், நண்பர், இல்ல வேற யாராவது. அவங்க முன்னிலையில நடக்கணும். 2023 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம், இதுக்கு ஊரைக் கூட்டிப் பகிரங்கமா நடத்தணும்னு அவசியம் இல்லன்னும் தெளிவுபடுத்திருச்சு. 80 பேர் வேண்டாம், சிலர் போதும்.

ரெண்டு மதம் சேர்ற கல்யாணம்னா 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். 30 நாள் முன்னாடி நோட்டீஸ், மூணு சாட்சி. எந்த வகைக் கல்யாணமா இருந்தாலும், தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி 90 நாளுக்குள்ள பதிவு செய்யணும். அதுக்கும் சாட்சி வேணும். சாதி மாறியோ மதம் மாறியோ கல்யாணம் பண்ற பிள்ளைகளுக்கு, நாளைக்கு யாராவது "இது கல்யாணமே இல்ல"ன்னு சொல்லும்போது அந்தக் கையெழுத்து தான் நிக்கும். அதனால வீட்டுக்காரங்க உங்ககிட்ட ஆதார் கேட்டா, பரிசுப் பொட்டலத்தை விடப் பெரிசா ஒண்ணு கேக்குறாங்கன்னு எடுத்துக்கோங்க.

கடைசியா ஒண்ணு

மண்டபம் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல கல்யாணம் எல்லாமே வெளியில தான். வீட்டு முத்தத்துல தென்னோலைப் பந்தல், தோவாளையில இருந்து பூ, முந்தின நாள் ராத்திரி பந்தல்லயே உக்காந்து காய் வெட்டு. அதை நினைச்சு ஏங்குறதுல தப்பில்ல. ஆனா அந்தப் பந்தலுக்குள்ள யார் வந்தாங்க, யார் வேலிக்கு வெளியில நின்னாங்க, யாருக்கு முதல் பந்தி, யாருக்குக் கடைசிப் பந்தின்னு கேட்டாத்தான் கதை முழுசாகும். புத்தகங்கள்ல ராஜா விளம்பரம் இருக்கு, தேதி இருக்கு. நம்ம தெருவுல அது எப்போ மாறுச்சுன்னு வீட்டுல இருக்கிற ஆச்சிக்கும் பாட்டாவுக்கும் தான் தெரியும்.

அதனால இந்த வாரம் ஒரு வேலை. வீட்டுல ஆச்சியோ பாட்டாவோ இருந்தா, கல்யாண ஆல்பத்தை எடுத்துட்டுப் போய்ப் பக்கத்துல உக்காருங்க. "உங்க கல்யாணத்துக்கு யாரெல்லாம் வந்தா? எங்க இருந்து சாப்பிட்டா? பந்தல் போட்டவரும் மேளம் அடிச்சவரும் எந்தப் பந்தியில இருந்தா?"ன்னு கேளுங்க. பதிலை ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. பேரு வேண்டாம், ஊரும் வருஷமும் போதும். வர்றதை வச்சு ஒரு எபிசோடு பண்ணலாம். பாப்போம் மக்களே.